சத்தம் கேட்டால் ஓடுகிறவர்களைக் காடு பார்க்கக் கூட்டிப்போனேன்

இருபத்தொன்பது வயதில் ரிட்டயர் ஆனவன் எங்கள் வட்டாரத்தில் நான் ஒருத்தன்தான் இருப்பேன். செண்பகத்தோப்பு அடிவாரத்துக்கு வருகிறவர்களைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போய், ஓடையில் குளிக்க விட்டு, சோறு தின்ன வைத்து, பொழுது சாய்வதற்குள் வந்த வழியே திருப்பிக் கொண்டுவந்து விடுவதுதான் நான் பார்த்த வேலை. மலை உச்சிக்கு ஏறுவது, பாறையில் கயிறு கட்டித் தொங்குவது எல்லாம் கிடையாது. செருப்பு போட்ட யாரும் நடக்கலாம். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டும் நடக்கலாம். பாதி நேரம் அப்படித்தான் நடந்தார்கள்.

மலையில் விழுந்து காலை உடைத்திருந்தால் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். நான் விழுந்தது கூட்டாளி கல்யாணத்தில். பந்தலில் சீரியல் பல்பு கட்ட ஏணியில் ஏறியவன், கீழே பந்தியில் யாருக்கு இரண்டாவது பாயாசம் போகிறது என்று எட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான். டாக்டர் முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே மலையெல்லாம் காலண்டர்ல பாத்துக்கோங்க தம்பி" என்றார். அந்த மனிதருக்கு வாய்முகூர்த்தம் பலித்துவிட்டது. இப்போது சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் காலண்டர் தாள்களைச் சரிபார்க்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை பனி மூடிய மலை, அருவி, புல்வெளி. ஒன்றிலும் ஒரு குரங்குகூட இல்லை. அதெல்லாம் என்ன மலை?

போன மாதம் அந்தப் பழைய வேலையை இப்போது பார்க்கிற இரண்டு பேர் அச்சாபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். தலையில் தொப்பி, கழுத்தில் விசில், இடுப்பில் செல்போன். எங்கள் காலத்தில் 'காடு பாக்கப் போறது' என்று இருந்ததற்கு இப்போது 'ட்ரெக்கிங்' என்று பெயராம். பெயர் மாறினாலும் தொந்தரவு மாறவில்லை போல. "அண்ணே, பத்துப் பேரு வந்தா பத்துத் திசையில போறாகண்ணே. நீங்க எப்படிச் சமாளிச்சீக?" என்று கேட்டார்கள்.

"பத்துப் பேரு பத்துத் திசையில போறது ஒரு விஷயமாலே? நாப்பது பேரு போனதைப் பாத்தவன்லே நானு" என்றேன்.

அதைச் சொல்லுங்கள் என்றார்கள். சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் கைகுலுக்கிப் பிரிந்தவர்கள். ஆனாலும் கேட்டுவிட்டார்களே என்று எழுதுகிறேன்.

நான் வேலை கற்றுக்கொண்ட கதை சின்னது. பள்ளிக்கூடத்துக்குப் போகாத நாளெல்லாம் ஓடையில் கிடந்தேன். வனத்துறைச் செக்போஸ்ட்டில் இருந்த வாட்சர் முத்தையா அண்ணாச்சி என்னைப் பிடித்து, "தினமும் வந்து சும்மா கிடக்கிறதுக்கு வர்ற ஆளுகளுக்கு வழி காமிலே" என்றார். காமித்தேன். அவ்வளவுதான் பயிற்சி.

வாட்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சந்தோஷமாக இருந்தால் "ஏலே ராசு, வாலே, டீ குடிச்சியாலே" என்பார். கோபம் வந்தால் மரியாதை ஏறிக்கொண்டே போகும். "வாங்க தம்பி, உக்காருங்க, சாப்பிட்டீகளா" என்று அவர் ஆரம்பித்தால் என்ன தப்புப் பண்ணினேன் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவேன். ஒருநாள் ஒரு கூட்டத்தைத் திருப்பிக் கூட்டிவந்தபோது அவரே எழுந்து எனக்கு நாற்காலியைத் தூக்கிப் போட்டார். அப்போதே தெரிந்தது, என்னமோ நடந்துபோச்சு.

"களைச்சுப்போய் வந்திருக்கீக. தண்ணி குடிக்கீகளா?"

"வேண்டாம் அண்ணாச்சி."

"சும்மா குடிங்க. கூட்டத்துல ஒரு அம்மாவை ஓடைகிட்டயே விட்டுட்டு வந்திருக்கீக போல. பரவாயில்ல. காடு நம்மளதுதான. நாளைக்குக்கூட எடுத்துக்கிடலாம்."

திரும்ப ஓடிப்போய்ப் பார்த்தால், அந்த அம்மா ஓடைக் கரையில் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு ஹாயாக நின்றது. நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, "என்னாச்சு தம்பி, யானையா?" என்று கேட்டது.

அதற்குப் பிறகு அவர் சொன்ன மூன்று விஷயத்தை நான் மறந்ததில்லை. முதலாவது, மெதுவாக நடக்கிற ஆளை முன்னால் விடவேண்டும். "வேகமா நடக்கிறவன் பின்னால வந்து எரிச்சல்படட்டும்லே. எரிச்சல்பட்டு எவனும் தொலைஞ்சதில்ல" என்பார். இரண்டாவது, ஓடையைத் தாண்டும்போதெல்லாம் ஆளை எண்ணவேண்டும். எண்ணும்போது முகத்தைப் பார்க்கக் கூடாது. முகத்தைப் பார்த்தால் அது பேச்சுக் கொடுக்கும், கணக்கு விட்டுப்போகும். காலை எண்ணி இரண்டால் வகுக்கவேண்டும். ஒருநாள் எனக்கு ஒற்றைப்படையில் வந்து உயிரே போய்விட்டது. பார்த்தால் ஒருத்தர் ஒற்றைக்காலில் நின்று முள் எடுத்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவது, தீப்பெட்டி உள்ளே போகக் கூடாது. செக்போஸ்ட்டில் ஒரு தகர டப்பா இருக்கும். தீப்பெட்டி, லைட்டர் எல்லாம் அதில் விழும். திரும்பி வரும்போது அவரவர் எடுத்துக்கொள்ளலாம். ஊருக்குள் பீடி, சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று சத்தியம் பண்ணினவர்கள் எல்லாம் பெண்டாட்டி பார்க்காத நேரமாகப் பார்த்து அந்த டப்பாவில் போடுவார்கள்.

வந்தவர்களில் எத்தனையோ ரகம். விருதுநகரில் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிற முதலாளி ஒருத்தர் குடும்பத்தோடு வந்தார். அடுக்கடுக்காய்த் தூக்குச்சட்டி, எண்ணெய்ப் புரோட்டா, அதற்குச் சால்னா தனி வாளியில். "தம்பி, நடக்கிறது எதுக்கு? இங்கனயே உக்காந்து சாப்பிட்டுட்டு இதான் காடுன்னு போயிருவோமே" என்றார். நல்ல மனுஷன். நடந்து போகும்போது ஒரு குரங்கு அவர் தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு மரம் ஏறியது. வாரம் பூராவும் மிளகாய் வத்தல் குவியலில் உட்காருகிறவருடைய துண்டு அது. குரங்கு முகத்தில் வைத்து மோந்து பார்த்தது. தும்மியது. தும்மிக்கொண்டே இருந்தது. அப்புறம் துண்டை அவர் காலடியிலேயே போட்டுவிட்டு எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பிராது கொடுக்க வந்த ஆள் மாதிரி. முதலாளி துண்டை எடுத்து உதறி, "பாத்தியா தம்பி, நம்ம சரக்கு எப்படி?" என்றார். அதிலிருந்து வெள்ளைத் துண்டு போட்ட யாரைக் கண்டாலும் அந்தக் குரங்கு கிளைக்குக் கிளை தாவி ஓடிவிடும்.

இனி அந்த நாற்பது பேரைப் பற்றி.

தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிகளைக் கொஞ்ச நாள் பூட்டிவிடுவார்கள். வருஷம் பூரா ஆர்டர், லோடு என்று பறந்தவர்களுக்கு அப்போதுதான் மூச்சு விட நேரம். கோயிலுக்குப் போவார்கள், கடலுக்குப் போவார்கள், சிலர் எங்களிடம் வருவார்கள். அந்த வருஷம் எம். புதுப்பட்டிப் பக்கத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து மினி பஸ் நிறைய ஆள் வந்து இறங்கியது. பாதிக்கு மேல் பெண்கள். கூட்டிவந்தவர் போர்மேன் சீனிச்சாமி. ஆமத்தூர்க்காரர். இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட முகம்.

வாட்சர் வழக்கம்போலத் தகர டப்பாவை நீட்டினார். "தீப்பெட்டி இருந்தா போட்டுட்டுப் போங்க."

அத்தனை பேரும் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். போர்மேன் ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"யாருகிட்ட கேக்கீக? தினமும் கம்பெனி வாசல்ல நின்னு இவுகளைச் சோதனை போட்டு உள்ள விடுற ஆளே நான்தான். எங்க ஆளுக மடியில தீப்பெட்டி இருக்குன்னா அன்னைக்குச் சூரியன் மேக்க உதிக்கும்."

"கேக்க வேண்டியது எங்க வேலை அண்ணாச்சி" என்றார் வாட்சர்.

"சரி, அப்போ இந்தா, கூட வர்ற இந்தத் தம்பியைச் சோதிச்சீகளா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என்னைக் கையைத் தூக்கச் சொன்னார். தட்டிப் பார்க்கிற விதத்திலேயே தெரிந்தது, தொழில்காரர் கை. இடுப்பு மடிப்பில் இரண்டு விரலை விட்டு ஒரு தீப்பெட்டியையும் அரைக்கட்டு பீடியையும் எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயரத் தூக்கிப் பிடித்தார்.

"ஏலே," என்று கூட்டத்திலிருந்து ஒரு அக்கா குரல் கொடுத்தார், "நீ காட்டைக் காமிக்க வந்தவனா, கொளுத்த வந்தவனா?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. வாட்சர் மட்டும் என்னைப் பார்த்து, "தம்பி பீடி குடிப்பீகளா? இத்தனை நாளாத் தெரியாமப் போச்சே" என்று அன்பாகக் கேட்டார். சாயங்காலம் எனக்கு நாற்காலி உண்டு என்று புரிந்துவிட்டது.

குரல் கொடுத்த அக்காவின் பெயர் பேச்சியம்மா. நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். கூடவே அவர் மகள் செல்வி, இருபது வயசுப் பிள்ளை. அம்மாவும் மகளும் ஒரே கம்பெனி, ஒரே ரூம். அந்த ரூமில் உட்காருகிறவர்கள் நாலு பேர். எல்லா ரூமுக்கும் அதே கணக்குத்தான், வெடிமருந்து வேலை என்பதால் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, ரூமுக்கு ரூம் தள்ளித் தள்ளித்தான் இருக்கும். செல்வி அதிகம் பேசாது. அதுக்கும் சேர்த்துப் பேச்சியக்கா பேசினார்.

"ஏத்தா செல்வி, இந்தத் தம்பிக்கு வழி தெரியுமான்னு கேளு."

"போற வழி தெரியும்க்கா," என்றேன். "திரும்புற வழிதான் உங்களைப் பாத்ததும் மறந்துபோச்சு."

"மறக்கட்டும்லே. கம்பெனி தொறக்கிற வரைக்கும் இங்கனயே இருந்துக்கிறோம். நீ போயி எங்க வீட்டு ஆட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துரு."

நான் கூட்டிப்போன கூட்டங்களிலேயே நடக்கத் தெரிந்த கூட்டம் அதுதான். வேறு ஆட்கள் வந்தால் காலை இழுத்து இழுத்து நடப்பார்கள், பையை நச்சென்று பாறையில் போடுவார்கள், அந்தச் சத்தத்தில் ஒரு காக்காய்கூட நிற்காது. இவர்கள் காலைத் தூக்கி மெதுவாக வைத்தார்கள். பாத்திரத்தை நகர்த்த வேண்டுமென்றால் இழுக்கவில்லை, தூக்கித்தான் வைத்தார்கள். கேட்டதற்கு, "வெடிமருந்து இருக்கிற எடத்துல எதையும் உரசக் கூடாதுல்ல, அதே பழக்கம்" என்றார் போர்மேன். அதனால் அன்றைக்குக் காடு எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. மான் ஒன்று தண்ணீர் குடித்து முடித்து, வாயைத் துடைக்காத குறையாக நின்றுவிட்டுப் போனது. மற்றவர்கள் வாலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற அந்தப் பெரிய சாம்பல் அணிலை இவர்கள் முழுசாகப் பார்த்தார்கள். பூனை அளவு உடம்பு, உடம்பைவிட நீள வால்.

பேச்சியக்கா அதைவிட்டு நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் பிடரியைப் பிடித்துக்கொண்டார். "கழுத்து வலிக்குலே. குனிஞ்சே பழகின கழுத்து. அண்ணாந்து பாக்க ஏது நேரம் நமக்கு?"

சாப்பாட்டுக்கு ஓடைப் பக்கம் ஒரு பெரிய மரத்தடியில் நிறுத்தினேன். வழக்கமான இடம்தான். முந்தின நாட்களில் நல்ல மழை. ஓடை இரைச்சலோடு போனது. சோற்றுப் பாத்திரங்களை இறக்கி வைத்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. மரத்தடி அவ்வளவு விசாலமாக இருக்கிறது. வேறு கூட்டமாக இருந்தால் ஒரே வட்டமாகக் குமிந்திருக்கும். இவர்கள் செருப்பை ஓரமாக வரிசையாகக் கழற்றி விட்டார்கள். நாலு நாலு பேராகப் பிரிந்தார்கள். ஒரு நாலு பேருக்கும் அடுத்த நாலு பேருக்கும் நடுவில் தாராளமாக இடம் விட்டு உட்கார்ந்தார்கள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை.

"என்னக்கா, ஒருத்தருக்கொருத்தர் சண்டையா?" என்று கேட்டேன்.

"எங்கலே சண்டை?" என்று சுற்றிப் பார்த்தார்கள். அவர்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்தும் எழுந்து மாறி உட்காரவில்லை.

புளியோதரை, அவித்த முட்டை, உருளைக்கிழங்குப் பொரியல். இலையில் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். நான் போர்மேன் பக்கத்தில் உட்கார்ந்து, பீடியைத் திருப்பி வாங்குவதற்கு நைசாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மேலே 'மடார்' என்று கேட்டது.

எந்தக் கூட்டமாக இருந்தாலும் இந்த மாதிரிச் சத்தத்துக்குக் கத்துவார்கள். ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடிப்பார்கள். என்ன ஏது என்று அண்ணாந்து பார்ப்பார்கள். இவர்கள் ஒரு சத்தம் போடவில்லை. இலை போட்டபடி கிடக்க, கண்ணில் பட்டவர்கள் எல்லோரும் எழுந்து, வெறுங்காலோடு, அவரவருக்கு எதிரே எந்தப் பக்கம் திறந்திருந்ததோ அந்தப் பக்கம் நேராக ஓடினார்கள். ஓடைக்குள் விழுந்து எழுந்து அக்கரையில் ஏறி ஓடியவர்கள், முள்ளுக்குள் ஓடியவர்கள், மேட்டில் ஓடியவர்கள். யாரும் யாருக்காகவும் நிற்கவில்லை. ஏன், எதற்கு என்று கேட்காமல் நானும் ஓடினேன். இத்தனை பேர் ஓடும்போது ஒருத்தன் மட்டும் நின்றால் அவனுக்குப் பைத்தியம் என்றுதானே அர்த்தம்?

மூங்கில் புதர் தாண்டி ஒரு பாறை. அதில் ஏறித் திரும்பிப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. மழையில் ஊறிப்போன மரத்தின் பெரிய கிளை ஒன்று ஒடிந்து இறங்கியிருந்தது. கிளை என்றால், அதுவே ஒரு தனி மரம். பாதையை அடைத்து, ஒரு பச்சைச் சுவர் மாதிரி விழுந்து கிடந்தது. அன்றைக்குப் பிறகு எந்த மரத்தையும் நன்றாக அண்ணாந்து பார்க்காமல் அதன் அடியில் நான் யாரையும் உட்காரவைத்ததில்லை. விசில் கட்டியிருக்கிற தம்பிகளுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே புத்திமதி அதுதான்.

போர்மேன் அதே பாறைக்கு வந்து சேர்ந்தார். இஸ்திரிச் சட்டையில் ஓடைச் சேறு. கையை உயர்த்திக்கொண்டு, காடு அதிரக் கூப்பிட்டார்.

"ஒண்ணாம் ரூம்!"

"இருக்கோம்!" என்று மேட்டுப் பக்கமிருந்து நாலு குரல்.

"ரெண்டாம் ரூம்!"

புதருக்குள்ளிருந்து வந்தார்கள். முள் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தர் கையில் அவித்த முட்டையைப் பிடித்தபடியே ஓடியிருக்கிறார். அதைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் கால் எண்ணுகிறவன். இவர் ரூம் எண்ணினார். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கணக்கு என் கணக்கைவிட நல்ல கணக்கு. ஒவ்வொரு ரூமாகச் சிரிப்பும் சேர்ந்துகொண்டே வந்தது.

"ஏழாம் ரூம்!"

மூன்று குரல்தான் வந்தது.

"ஏழாம் ரூம்! பேச்சி எங்க?"

சிரிப்பு நின்றது. செல்வி மூங்கில் புதரைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அக்கரைக்குப் போயிருப்பார் என்றார் ஒருத்தர். பாதையிலேயே ஓடிக் கீழே இறங்கியிருப்பார் என்றார் இன்னொருத்தர். அக்கரையில் கொஞ்ச தூரம் போய்க் கூப்பிட்டேன். கீழ்ப் பாதையில் போய்க் கூப்பிட்டேன். மேட்டில் ஏறிக் கூப்பிட்டேன். எல்லோரும் சேர்ந்து கத்தினோம். ஓடை இரைச்சல்தான் பதிலுக்கு வந்தது. எல்லாத் திசையும் பார்த்தாகிவிட்டது. ஒரே ஒரு இடத்தை மட்டும் யாரும் சொல்லவில்லை. நாங்கள் ஓடிவந்த மரத்தடி.

"அண்ணாச்சி, மரத்தடிக்குப் போய்ப் பாத்துட்டு வந்துருவோம்" என்றேன்.

போர்மேன் பாதைக்குக் குறுக்கே கையை நீட்டினார். "யாரும் திரும்பிப் போகக் கூடாது. ஒரு சத்தம் கேட்டா ரெண்டாவது வரும்."

"அண்ணாச்சி, அது மரம். கிளை ஒடிஞ்சிருக்கு."

"தெரியும்லே."

தெரியும் என்று சொன்னாரே தவிர, கை இறங்கவில்லை. எத்தனை வருஷமாக அந்தக் கையை நீட்டி எத்தனை பேரைத் தடுத்திருப்பாரோ. அவர் சொன்னாலும் அந்தக் கை கேட்காது போல.

அப்போது செல்வி பேசியது. காலையிலிருந்து அது பேசிய முதல் பெரிய பேச்சு. "ரூம்ல உக்காரும்போதெல்லாம் எங்கம்மா சொல்லும்ண்ணே. சத்தம் கேட்டா என்னைத் தேடாத. கையைப் பிடிக்காத. ஓடுன்னு. தினமும் சொல்லும். நான் ஓடிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கலண்ணே."

போர்மேன் கைக்குக் கீழே குனிந்து பாதையில் நடந்தேன். பின்னால் "செல்வி, நில்லு" என்று கேட்டது. அது நிற்கவில்லை என்பது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. கொஞ்சம் கழித்து, அதற்கும் பின்னால் போர்மேன் காலடியும் கேட்டது.

கிட்டே வந்தால் கிளை இன்னும் பெரிதாகத் தெரிந்தது. இலையும் கொப்புமாக ஆள் உயரத்துக்கு மேலே. அதன் நுனி, செருப்பு வரிசைமேல் கிடந்தது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

"யக்கா" என்று கூப்பிட்டேன்.

இலைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

"ச்சூ! போ! போங்கிறேன்ல! மூதேவி, அடுத்தவுக சோத்துக்கா அலையுற!"

கொப்புகளை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். அத்தனை பாத்திரத்தையும் ஒரே இடத்தில் குவித்து, நடுவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் பேச்சியக்கா. கையில் பரிமாறுகிற கரண்டி. எதிரே குரங்குகள் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி வரிசையாக. அவர் மேல் ஒரு கீறல் இல்லை. தலையில் மட்டும் இரண்டு இலை ஒட்டியிருந்தது.

"எங்கலே போய்த் தொலைஞ்சீக அம்புட்டுப் பேரும்?" என்றார் என்னைப் பார்த்ததும். "ஒத்த ஆளு எத்தனை குரங்கைத்தான் விரட்ட?"

போர்மேன் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. "ஏ பேச்சி! சத்தம் கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சு அண்ணாச்சி."

"பெறகு ஏன் ஓடல?"

"எதுக்கு ஓட? கழுத்து வலிக்குன்னு இந்தா, இங்கன மல்லாந்து படுத்து இந்த மரத்து அணிலைப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். அது தாவுச்சு. பக்கத்துக் கிளை அப்படியே சாஞ்சுது. அந்தப் பக்கமாத்தான் விழப்போகுதுன்னு நல்லாத் தெரிஞ்சுது. சாயுறதைப் பாத்தேன். பெறகுதான் சத்தம் வந்துச்சு." கரண்டியைக் கீழே வைத்தார். "ரூம்ல என்னைக்காவது நாம மொதல்ல பாத்து, பெறகு சத்தத்தைக் கேட்டிருக்கோமா?"

போர்மேன் அண்ணாந்து, கிளை ஒடிந்த இடத்தைப் பார்த்தார்.

"நாங்க அம்புட்டு நேரமாக் கூப்பிட்டோமேக்கா" என்றேன்.

"என்னமோ கேட்ட மாதிரிதான் இருந்துச்சு. இங்கன இருக்கேன் வாங்கன்னு நானும் கத்துனேன். இந்தத் தண்ணி இரைச்சல்ல உங்க காதுல விழல போல. எந்திரிச்சு வந்தா இதுக சோத்தை விட்டு வைக்குமா? நாப்பது பேரு சோறுலே!"

செல்வி கொப்புகளுக்குள்ளிருந்து வெளியே வந்தது. அம்மாவைப் பார்த்தது. கிட்டே போகவில்லை, நின்ற இடத்திலேயே நின்று அழத் தொடங்கியது. ஒவ்வொருத்தராகக் கூட்டமும் வந்து சேர்ந்தது.

பேச்சியக்கா மகளைக் காலிலிருந்து தலை வரை பார்த்தார். முழங்கால் வரை சேறு. தாவணி ஓரம் கிழிந்திருந்தது. கையெல்லாம் முள் கீறல்.

"ஓடுனியா?"

"ஓடுனேன்."

"என்னைத் தேடுனியா?"

செல்விக்கு அழுகை கூடியது. "இல்ல."

"திரும்பிப் பாத்தியா?"

"இல்லம்மா."

"எம்புட்டுத் தூரம் ஓடுன?"

"ஓடையில விழுந்து எந்திரிச்சு... அந்தா, மூங்கில் வரைக்கும்."

அவ்வளவு பெரிய அணிலைப் பார்த்தபோதுகூட பேச்சியக்கா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"கேட்டீகளா? மூங்கில் வரைக்கும் ஓடியிருக்கா! திரும்பிக்கூடப் பாக்காம ஓடியிருக்கா எம் புள்ள!"

மகளைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். ஒரு இலையை விரித்தார். அது நிறையப் புளியோதரையை வைத்தார். "அழாம சாப்பிடு. நல்லா ஓடுன புள்ளைக்கு ரெண்டு முட்டை."

எனக்குப் போன உயிர் அப்போதுதான் திரும்பியது. உயிர் வந்தால் பசியும் வரும், வாயும் வரும். ஒரு இலையை எடுத்து நானும் நீட்டினேன்.

"யக்கா, நானுந்தான் மூங்கில் வரைக்கும் ஓடுனேன்."

"நீ நிக்க வேண்டிய ஆளுலே" என்றார் பேச்சியக்கா. எனக்காகக் கையில் எடுத்திருந்த முட்டையையும் செல்வி இலையிலேயே வைத்துவிட்டார்.